சின்னையாவை ஏன் கூப்பிடவில்லை

சட்டைப் பையை உள்ளும் புறமும் திருப்பி உதறாமல் நவமணி ஒரு துணியையும் வாளிக்குள் போடமாட்டாள். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் பைக்குள் நுழைந்து, தையல் மூலை வரை குடைந்துவிட்டு வரும். அன்று காலை புருஷன் சின்னையாவின் காவல்கார உடுப்பிலிருந்து புதினா மிட்டாய்த் தாள்கள், ஒரு கிராம்பு, கொஞ்சம் புகையிலைத் தூள் வந்தன. தூளை நகத்தால் வழித்து முகர்ந்து பார்த்தாள். பழைய தூள் இல்லை, நேற்றையது. கடைசியாகக் கைக்குட்டையை எடுத்து சன்னல் வெளிச்சத்தில் விரித்துப் பிடித்து இரண்டு பக்கமும் பார்த்தாள். சளிதான். சிவப்பு இல்லை. அதன் பிறகே சவுக்காரத்தைக் கையில் எடுத்தாள்.

கைக்குட்டையை இப்படிப் பார்க்கிற வழக்கம், சின்னையாவின் அண்ணன் பிச்சைமுத்து செத்துப்போன வருஷம் வந்தது. மற்றபடி சந்தேகம் என்பது அவளுக்கு அதற்கும் முந்தியது. தெலுக் இந்தான் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டிய காலத்தில், பால் நிறுக்கும்போது மற்றப் பெண்கள் கணக்கெழுதும் கிராணியின் முகத்தைப் பார்ப்பார்கள். நவமணி அவன் விரலைப் பார்ப்பாள். விரல் தராசுப் பக்கம் போனால் "கையை எடுங்க ஐயா, பாரம் சரியா இருக்கட்டும்" என்பாள். தோட்டம் கைமாறி செம்பனை நடப்போன சமயம், "ரேகை வையுங்கள், எல்லாருக்கும் வீடு வரும்" என்று ஒரு ஆள் மேசை போட்டு உட்கார்ந்தான். தொழிலாளர் லயம் முழுக்க வரிசையில் நின்றது. நவமணி வைக்கவில்லை. வீடு யாருக்கும் வரவில்லை, அவளுக்கும்தான் வரவில்லை. ஆனால் வைத்தவர்கள் இன்றைக்கும் அந்த ஆளைத் திட்டிக்கொண்டிருக்கிறார்கள். நவமணிக்கு அந்த வேலை மிச்சம்.

இப்போது ஈப்போவில், லகாட் போகிற சாலையோரத்து அடுக்குமாடி ஒன்றின் ஐந்தாவது மாடியில் வாசம். பிள்ளைகள் சிங்கப்பூரிலும் கோலாலம்பூரிலும் இருந்தார்கள். சின்னையா அறுபத்தெட்டு வயதிலும் பணக்காரர் குடியிருப்பு ஒன்றில் ஜாகா என்கிற காவல் வேலைக்குப் போய்வந்தார். பதினேழு வயதில் தோட்டத்துப் புகைக் கொட்டகையில் ரப்பர் தகடு தொங்கவிடும் வேலைக்குச் சேர்ந்தவர். அங்கேதான் சிகரெட்டும் ஒட்டிக்கொண்டது. கொட்டகை போனது, தோட்டம் போனது, சிகரெட் மட்டும் கூடவே ஈப்போவுக்கு வந்துவிட்டது. காவல் வேலையில் தூக்கம் வராமலிருக்கவும் அதுதான் துணை.

துணியைக் கும்மிக்கொண்டிருந்தபோது வாசலில் குரல் கேட்டது.

"அக்கா! நவமணிக்கா! இதைக் கொஞ்சம் பாருங்கலா, விடமாட்றாங்க!"

கீழ்மாடி கார்த்திகேசு. மனைவியை இழந்தவர், முன்பு லாரி ஓட்டினவர். கைப்பேசியைப் பாம்பைப் பிடித்ததுபோல் தள்ளிப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"யாரு அதுல?"

"கிளினிக்காம்க்கா. எந்த வயசுல சிகரெட்டு ஆரம்பிச்சே, ஒரு நாளைக்கு எத்தனை, எப்ப விட்டேன்னு போலீஸ் மாதிரி கேக்குறாங்க. இப்ப நெஞ்சை ஸ்கேன் எடுக்கணும், வாங்கன்றாங்க."

"உனக்கு இருமல் இருக்கா?"

"இல்ல."

"மூச்சு வாங்குதே?"

"அஞ்சு மாடி ஏறி வந்தா வாங்காதா? லிப்டு மறுபடியும் ரோசாக், ஓடல."

"நல்லா இருக்கிற ஆளைக் கூப்பிட்டு ஸ்கேன் எடுக்கிறாங்களாம். குடு இப்படி." நுரைக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு கைப்பேசியை வாங்கினாள். "ஹலோ, யாரு நீ?"

"கிளினிக் நர்ஸ், மிஸ்ஸி நஜீமா பேசுறேன், ஆண்ட்டி."

"மிஸ்ஸின்னு யாரு வேணா சொல்லலாம். போன வருசம் எங்க மூணாவது மாடி புஷ்பலதாகிட்ட ஒருத்தன் போலீஸ்னு பேசியே, இருந்ததை எல்லாம் தொடச்சிட்டுப் போயிட்டான். உங்க கிளினிக் எதிர்ல என்ன கடை இருக்கு, சொல்லு?"

அந்தப் பக்கத்திலிருந்து சிரிப்பு வந்தது.

"செண்டோல் கடை, ஆண்ட்டி. திங்கக்கிழமை சாத்தியிருக்கும்."

"செண்டோல் எப்படி இருக்கும்?"

"சீனி ஜாஸ்தி. உங்களுக்கு இனிப்பு நீர் இருந்தா அந்தப் பக்கமே போகாதீங்க."

பதில் சரியாகத்தான் இருந்தது. அதுவே நவமணியை இன்னும் உறுத்தியது. ஏமாற்றுகிறவன்தான் கேட்டதற்கெல்லாம் சரியாகப் பதில் வைத்திருப்பான். அழைப்பைத் துண்டித்தாள்.

"கார்த்தி, நீ தனியா போகாத. ஐசி கார்டு நம்பர் கேட்டா குடுக்காத. சட்டையை மாத்திக்கிட்டு வா, நான் கூட வாரேன்."

கிளினிக்கில் உண்மையாகவே ஒரு நஜீமா இருந்தாள். பாரிட் புந்தார் ஊர்க்காரி, தலையில் முக்காடு, நாற்பது வயது இருக்கும், தமிழ் வாய் நிறைய வந்தது. மார்பில் தொங்கிய அட்டையையும் முகத்தையும் நவமணி மாறிமாறிப் பார்த்தாள். பக்கத்து மேசைக்காரியிடம் போய், "அவங்க இங்க எத்தனை வருசமா வேலை செய்றாங்க?" என்று கேட்டுவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

"இப்ப நம்புறீங்களா, செண்டோல் ஆண்ட்டி?"

"உன்னை நம்புறேன். ஸ்கேனை நம்பல. இவரு நல்லா இருக்காரு. சிகரெட்டை விட்டே எட்டு வருசம் ஆச்சு. காசும் வாங்க மாட்டேன்றீங்க. உங்களுக்கு இதுல என்ன லாபம்?"

"சின்னதுலேயே பிடிச்சா எங்களுக்கு வேலை குறைவு, அதான் லாபம்." நஜீமா நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டாள். "நுரையீரல்ல வர்ற கட்டி ஆரம்பத்துல வலிக்காது ஆண்ட்டி. இருமலும் வராது. இருமி ரத்தம் பார்த்து வர்றவங்களுக்குப் பெரும்பாலும் நேரம் தாண்டியிருக்கும். அதனால நாங்களே தேடிக் கூப்பிடுறோம். வயசு ஆனவங்க, பல வருசம் சிகரெட்டு பிடிச்சவங்க, இப்பவும் பிடிக்கிறவங்க, விட்டுப் பதினஞ்சு வருசம் ஆகாதவங்க. எடுத்தா எல்லாருக்கும் கட்டி இருக்கும்னு அர்த்தமில்ல. முக்கால்வாசிப் பேருக்கு ஒண்ணும் இருக்காது. இருக்கிறவங்களைச் சீக்கிரம் பார்க்கணும்."

கார்த்திகேசு சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டிருந்தார். இருமி ரத்தம் பார்த்து வந்தவரை நவமணிக்குத் தெரியும். பிச்சைமுத்துவைப் படுக்கையில் நிமிர்த்தி, முதுகுக்குத் தலையணை முட்டுக்கொடுத்து, வாயைத் துடைத்து, விரிப்பை மாற்றியது அவள் கைதான். கடைசியில் அவர் எடை ஒரு வாளி பால் எடைக்கு வந்திருந்தது. ஒற்றை ஆளாகவே புரட்டிப் போடுவாள்.

இன்னொரு விஷயம் அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. சின்னையாவுக்கு ரத்தக் கொதிப்பு மாத்திரை இதே கிளினிக்கில்தான். வருஷா வருஷம் முழுப் பரிசோதனையும் இங்கேதான்.

"மிஸ்ஸி, எங்க வீட்டுக்காரரும் இங்கதான் வாராரு. சின்னையா. ஐம்பது வருசத்துக்கு மேல பிடிக்கிறாரு. விட்டவனைக் கூப்பிடுறீங்க, விடாதவரை ஏன் கூப்பிடல?"

"மத்தவங்க விசயத்தை நான் சொல்லக்கூடாது ஆண்ட்டி."

"பொண்டாட்டிகிட்டக்கூடவா?"

"பொண்டாட்டிகிட்டதான் முக்கியமா சொல்லக்கூடாது." சிரித்துவிட்டு, குரலைத் தணித்தாள். "பொதுவா ஒண்ணு சொல்றேன். வருச செக்கப்புல 'சிகரெட்டு பிடிக்கிறீங்களா'ன்னு எல்லாரையும் கேப்போம். இல்லைன்னு சொல்றவங்க இந்தக் கூப்பிடுற லிஸ்டுல வரமாட்டாங்க. அங்கிளை நாளைக்குக் காலையில கூட்டிட்டு வாங்க. அவர் வாயால சொல்லட்டும்."

கார்த்திகேசுவுக்கு ஸ்கேன் நாள் குறித்தாயிற்று. திரும்புகிற பஸ்ஸில் அவர் பேசிக்கொண்டே வந்தார், நவமணி காதில் எதுவும் ஏறவில்லை. பேர் மாறிப்போயிருக்குமோ? ஈப்போவில் சின்னையாவுக்கா பஞ்சம்? இல்லை, தெரிந்தவர்களாகப் பார்த்துக் கூப்பிடுகிறார்களோ? கார்த்திகேசுவுக்கு அங்கே யாரைத் தெரியும், தரை கழுவுகிற ஆளைக்கூடத் தெரியாது. அப்படியானால் மிச்சம் இருப்பது ஒன்றுதான். சின்னையா மிஸ்ஸியின் முகத்தைப் பார்த்து, வருஷா வருஷம், பொய் சொல்லியிருக்கிறார்.

அதுதான் பொருந்தவில்லை. சின்னையா சிகரெட்டை ஒளிப்பார், மிட்டாய் சப்புவார், கிராம்பு மெல்லுவார். ஆனால் நேருக்கு நேர் கேட்டால் ஒத்துக்கொண்டுவிடுவார். பொய் சொல்ல வராத மனிதர். சீட்டு விளையாட்டில்கூடத் தோற்கிற ஆள்.

அடுத்த நிறுத்தத்தில் ஒரு இளைஞன் ஏறினான். மஞ்சள் வேட்டி, கழுத்தில் உருத்திராட்ச மாலை, நெற்றி நிறைய திருநீறு. தைப்பூசத்துக்கு நேர்ந்துகொண்டவன், சீக்கிரமே மாலை போட்டுவிட்டான்போல. நவமணி அவன் கழுத்தையே பார்த்தாள்.

"கார்த்தி, எங்க வீட்டுக்காரருக்கு வருச செக்கப்பு எந்த மாசம்?"

"ஜனவரில்ல? போன வருசம் நானும் அன்னைக்குத்தானே மாத்திரை எடுக்கப் போனேன். அண்ணன் மாலையோட நின்னாரு, செருப்புகூட இல்லாம. மிஸ்ஸி எல்லாம் வழிவிட்டாங்க."

நவமணி முன் இருக்கையின் கம்பியை ஓங்கி ஒரு அடி அடித்தாள். ஓட்டுநர் கண்ணாடியில் பார்த்தார்.

சின்னையா ஆண்டுதோறும் குனோங் சீரோ கோயிலில் பால்குடம் எடுக்கிறவர். மாலை போட்ட நாளிலிருந்து கறி இல்லை, படுக்கப் பாய் இல்லை, சிகரெட் இல்லை. இந்த நாட்களில் மட்டும் அவர் சட்டைப் பையில் ஒரு தூள்கூட அகப்படாது, நவமணியே தேடிப் பார்த்திருக்கிறாள். அந்தக் கோலத்தில் போய் நின்றவரை "பிடிக்கிறீங்களா?" என்று கேட்டால், "இல்லைம்மா" என்றுதான் சொல்வார். மாலை கழுத்தில் கிடக்கும்போது வேறெப்படிச் சொல்வார்? பூசம் முடிந்து மாலை கழற்றின மறுநாள் மத்தியானத்துக்குள் தீப்பெட்டி தேடுவது யாருக்குத் தெரியும்?

வீட்டில் சின்னையா வேலை முடிந்து வந்து, குளித்து, கைலியோடு உட்கார்ந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். நவமணி பையைக்கூடக் கீழே வைக்கவில்லை.

"கிளினிக்ல நீங்க சிகரெட்டு பிடிக்கிறதில்லைன்னு சொல்லியிருக்கீங்க."

"எவன் சொன்னான்?"

"சொன்னீங்களா இல்லையா?"

"மாலை போட்டவன் பொய் சொல்லுவானா? பிடிக்கல, பிடிக்கலைன்னு சொன்னேன்."

"அதான் வினையாப் போச்சு. நீங்க பொய் சொல்லியிருந்தாக்கூட அந்த மிஸ்ஸிங்க மூஞ்சியைப் பார்த்துக் கண்டுபிடிச்சிருப்பாங்க." நடந்ததைச் சொன்னாள். கார்த்திகேசு, ஸ்கேன், நாளைக் காலை எல்லாவற்றையும்.

சின்னையா கோப்பையை மெதுவாகக் கீழே வைத்தார். கண் சுருங்கியது. ஐம்பது வருஷம் கூட வாழ்ந்ததில் நவமணியின் சந்தேகம் அவருக்கும் கொஞ்சம் தொற்றியிருந்தது.

"நீ ஏன் இந்தத் துடி துடிக்கிற? அங்க என்னைப் பத்தி என்ன சொன்னாங்க? மறைக்காத."

"ஒண்ணும் சொல்லல. பொண்டாட்டிகிட்டச் சொல்லக்கூடாதாம்."

"ஆ! அப்ப என்னமோ இருக்கு!"

"ஐயோ, இருக்கா இல்லையான்னு பார்க்கத்தானே கூப்பிடுறாங்க!"

"அண்ணனையும் இப்படித்தான் கூப்பிட்டாங்க. நடந்து போனவரு. படம் எடுத்தாங்க, கட்டின்னாங்க, தொறந்து பார்த்தாங்க. காத்து பட்டு உடம்பெல்லாம் பரவிடுச்சு. சும்மா விட்டிருந்தா இன்னும் இருந்திருப்பாரு."

நவமணி அப்போதுதான் பையைக் கீழே வைத்தாள்.

"உங்க அண்ணன் கைக்குட்டையில ரத்தம் வந்து, அதையும் வெத்தலைச் சாறுன்னு சொல்லி, தீபாவளி முடியட்டும், பேத்தி கல்யாணம் முடியட்டும்னு இழுத்தடிச்சிட்டுப் போனாரு. காத்தும் இல்லை, கத்தியும் இல்லை. கடைசிவரை கழுவித் துடைச்சவ நான். நீங்க வாசல்ல நின்னு அழுதுட்டுப் போயிடுவீங்க. உங்களையும் அப்படிப் புரட்டிப் போட எனக்கு இப்ப முதுகு இல்லை, முன்னாடியே சொல்லிட்டேன்."

சின்னையா சுவரைப் பார்த்தார். பிறகு, "சரி, நாளைக்கு வாரேன்" என்றார்.

இவ்வளவு சீக்கிரம் சரி என்று சொல்கிற மனிதர் அவர் இல்லை. தண்ணீர் குழாய்க்குப் புது வாஷர் மாற்றவே ஒரு மாதம் யோசிப்பவர். நவமணி ஒன்றும் காட்டிக்கொள்ளாமல் அரிசி களையப் போனாள், காதை மட்டும் கூடத்தில் விட்டுவிட்டு.

சாயங்காலம் அவர் சாமி அலமாரியைத் திறக்கிற சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தாள். போன வருஷத்து உருத்திராட்ச மாலையைத் தட்டில் வைத்து மஞ்சள் தண்ணீரில் அலசிக்கொண்டிருந்தார்.

"என்னாங்க, பூசத்துக்குத்தான் இன்னும் நாள் இருக்கே?"

"இந்த வருசம் கொஞ்சம் கூடுதலா விரதம் இருக்கலாம்னு மனசு சொல்லுது. விடியக்காலையில கீழ கோயில்ல மாலை போட்டுட்டு அப்படியே கிளினிக் போலாம்."

"நல்லது" என்றாள் நவமணி.

இன்னும் கொஞ்ச நேரத்தில் அவர் கார் நிறுத்துமிடத்துக்கு இறங்கிப் போனார். ஐந்தாவது மாடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நவமணி கீழே பார்த்தாள். குப்பைத் தொட்டி ஓரம் சின்னையா நின்று, ஒன்றை அணைத்து அடுத்ததைப் பற்றவைத்து, பெட்டியைக் காலிசெய்துகொண்டிருந்தார். விடிந்ததும் மாலை. மாலை கழுத்தில் இருக்க, மிஸ்ஸி பிடிக்கிறீர்களா என்று கேட்பாள். இல்லைம்மா என்பார். பொய்யும் இல்லை, ஸ்கேனும் இல்லை. இதற்கு மேல் நவமணி போய்ப் போராடினால், சாமிக்கு நேர்ந்தவரைப் பொய்யன் என்று சொன்ன பாவம் வேறு சேரும்.

மனிதர் நன்றாகத்தான் யோசித்திருக்கிறார் என்று நினைத்துக்கொண்டாள். நேராகக் கார்த்திகேசு வீட்டுக்கு இறங்கினாள்.

"காலையில பேசுச்சே, அந்த நம்பரைப் போடு."

"ஏமாத்துக்காரின்னு சொன்னீங்களே அக்கா?"

"போடுலா!"

நஜீமா கிளம்புகிற நேரம்போல, குரலில் அவசரம் இருந்தது. நவமணி பேரைச் சொன்னதும் அவசரம் போய்விட்டது.

"நீங்க நிஜமான நவமணி ஆண்ட்டிதானா? எங்க கிளினிக் எதிர்ல என்ன கடை?"

"விளையாடாத பொண்ணே. நாளைக்கு அவரு மாலையோட வருவாரு. இப்ப பிடிக்கிறீங்களான்னு மட்டும் கேட்டீன்னா இல்லைன்னு சொல்லிட்டு எழுந்து வந்துடுவாரு. அது சத்தியமாவும் இருக்கும். கார்த்திகிட்டக் கேட்டியே, எந்த வயசுல ஆரம்பிச்சே, எப்ப விட்டேன்னு, அப்படிக் கேளு. மாலை போட்டா அவரு வாயில பொய் வராது."

"அங்கிள் மாதிரி இன்னும் எத்தனை பேரு ஜனவரியில எங்ககிட்ட இல்லைன்னு சொல்லியிருப்பாங்களோ" என்றாள் நஜீமா.

"அதை அப்புறம் தேடு. முதல்ல இவரைப் பிடி."

மறுநாள் காலை நவமணி அவருக்கு முன்பே எழுந்து, விரதச் சட்டியைத் தனியே கழுவிக் கவிழ்த்தாள். கீழே கோயிலில் அர்ச்சகர் மாலை போட்டுவிட்டபோது பக்கத்திலேயே நின்று கும்பிட்டாள். சின்னையா மஞ்சள் வேட்டியில் நிமிர்ந்து நடந்தார். கிளினிக் வாசலில் செண்டோல் கடையைப் பார்த்து, "விரதம் முடிஞ்சு ஒரு நாள் வந்து சாப்பிடணும்" என்றுகூடச் சொன்னார். அவ்வளவு தைரியம்.

நஜீமா ரத்தக் கொதிப்பு பார்த்தாள், எடை பார்த்தாள். சின்னையா கேள்விக்குக் காத்திருந்தார், பதில் நாக்கு நுனியில்.

"அங்கிள், முதல் சிகரெட்டு எந்த வயசுல பிடிச்சீங்க?"

சின்னையா திரும்பி நவமணியைப் பார்த்தார். நவமணி சுவரில் ஒட்டியிருந்த டெங்கிக் கொசுப் படத்தைப் பார்த்தாள்.

"இந்தக் கேள்வி எப்பவும் கேக்கமாட்டாங்களேம்மா."

"இந்த வருசம் கேக்குறோம்."

கை தானாக மாலைக்குப் போனது. ஒரு மணியைப் பிடித்து உருட்டினார். "பதினேழு" என்றார்.

"கடைசியா?"

பக்கத்து அறையில் குழந்தை ஒன்று ஊசிக்கு அழுதது. சின்னையா மணியை விடவில்லை.

"நேத்து சாயங்காலம்."

"எத்தனை, அங்கிள்?"

"பெட்டி காலி" என்றார் சின்னையா. பிறகு மெல்ல, "அண்ணனுக்கு வந்ததும்மா. எனக்குப் பயம்" என்றார்.

நஜீமா எழுதுவதை நிறுத்தினாள். "தெரியும் அங்கிள். பயந்துக்கிட்டே வாங்க, பரவாயில்ல. படுத்து எழுந்திரிச்சாப் போதும், ஊசி இல்லை, கத்தி இல்லை. என்ன வந்தாலும் அதுக்கப்புறம் பேசுவோம்." அடுத்த வாரம் பெரிய ஆஸ்பத்திரியில் ஸ்கேனுக்கு நாள் போட்டுக் கொடுத்தாள். சிகரெட்டை விடுவதற்கும் உதவிக்கு ஆள் இருக்கிறது, மாலை கழற்றுவதற்கு முந்தின நாள் வாருங்கள் என்றாள். சின்னையா தலையை மட்டும் ஆட்டினார்.

நவமணி சீட்டை வாங்கி, பேரையும் ஐசி எண்ணையும் விரல் வைத்து ஒவ்வொன்றாகச் சரிபார்த்தாள். இந்தச் சின்னையாதான். மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டாள். அவரிடம் கொடுத்தால் சலவையில் போய்விடும்.

"மாட்டிவிட்டுட்ட இல்ல?" என்றார் சின்னையா வாசலில்.

"ஒண்ணும் இல்லைன்னு வந்தா நல்லாத் திட்டுங்க. கேட்டுக்கிறேன்."

சொல்லிவிட்டு அவரை வெளியே பெஞ்சியில் உட்காரவைத்தாள். மறுபடி உள்ளே போய், வரிசையில் நின்றவர்களை விலக்கிக்கொண்டு நஜீமாவின் மேசை முன் நின்றாள்.

"மிஸ்ஸி, எங்க வீட்டுக்காரரோட வருச செக்கப்பை ஜனவரியில இருந்து ஆகஸ்டுக்கு மாத்து. என் கண்ணு முன்னாலேயே மாத்து, நான் பார்த்துட்டுப் போறேன்."

நஜீமா மாற்றினாள். நவமணி திரையருகே குனிந்து, மாறியதைப் பார்த்துவிட்டே வெளியே வந்தாள்.